கடலோர வாழ்க்கையின் முழுக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர நகரங்களில் வாடகையும் வீட்டு விலையும் ஏறிக்கொண்டே போகின்றன. அங்கே குடியிருப்பது கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ‘கடல் காற்றுக்கு விலை உண்டா?’ என்பது ஒன்று. ‘அந்தக் காசுக்கு உள்நாட்டு ஊருக்குப் போனால் இரண்டு வீடு கட்டலாமே’ என்பது மற்றொன்று. இரண்டிலும் கணக்கு இல்லை. கடலோரக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையிலும் வீட்டுக்கடன் மதிப்பீட்டிலும் இருப்பவர்கள் என்ற முறையில் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம்.

கடலோர வட்டாரம் வேறு, கடற்கரையின் முதல் வரிசை வேறு. அலுவலகங்கள், துறைமுகம், மருத்துவமனைகள், கல்லூரிகள், கூடுதல் சம்பளம் எல்லாம் வட்டாரம் தருபவை. கரையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே இருப்பவருக்கும் அவை குறையாமல் கிடைக்கும். முதல் வரிசை தனியாகத் தருவது கடலைப் பார்க்கும் ஜன்னலும் நேரடிக் காற்றும் மணலுக்கு நடந்துபோகும் வசதியும்தான். அவற்றோடு உப்பு, கரையரிப்பு, வெள்ளம் மூன்றும் சேர்ந்தே வரும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வட்டாரத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பலருக்குத் திரும்பி வருகிறது. முதல் வரிசையில் வீடு வாங்கக் கொடுக்கும் கூடுதல் பணம் மிகச் சிலருக்கே திரும்புகிறது.

சம்பளத்தை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்ப்பதில் பயனில்லை. வரி போகக் கைக்கு வருவதை எழுதி, அதிலிருந்து வாடகை, பயணம், தண்ணீர், மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, பராமரிப்பு எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். உள்நாட்டு ஊருக்கும் இதேபோல் ஒரு பட்டியல் போட்டு, இரண்டின் மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ‘வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கூடாது’ என்ற பொது விதி இங்கே வழி காட்டாது. கைக்கு 100 வந்து 30 வாடகை கொடுப்பவருக்கு மிச்சம் 70. கைக்கு 180 வந்து 80 கொடுப்பவர் விதியை மீறுகிறார், ஆனால் அவருக்கு மிச்சம் 100. அந்த 100 எங்கே செலவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சேமிப்புக்கும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புவதற்கும், கடன் அடைப்பதற்கும் போனால் அதன் மதிப்பு குறைவதில்லை. அதே வட்டாரத்தின் உணவகங்களிலும் கடைகளிலும் கரைந்தால் கூடுதல் சம்பளம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஆகவே இளம் வயதில், மிச்சத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கும் பழக்கத்தோடு, வாடகைக்கு இருப்பவருக்கு இந்த வட்டாரம் நன்றாகவே கட்டுப்படியாகும். கணவனும் மனைவியும் வேறு வேறு துறைகளில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இன்னும் அதிகமாகக் கட்டுப்படியாகும். ஒரு வேலை போனால் வீடு மாற்றாமல் மறுவேலை தேட முடிகிறதே, அதை எந்தப் பட்டியலிலும் எண்ணாக எழுத முடியாது. ஆனாலும் அது பெரிய வரவு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரும் ஓய்வுபெற்றவரும் இந்த வரவைப் பெறுவதில்லை. அவர்கள் வாங்குவது கடலை மட்டும்தான். அவர்களுக்கு ஒரு வகுத்தல் போதும்: முதல் வரிசைக்காக ஓராண்டில் கொடுக்கும் கூடுதல் வாடகையை, ஓராண்டில் உண்மையிலேயே கடற்கரைக்குப் போகும் நாட்களால் வகுக்கட்டும். தினமும் நடப்பவருக்கு அந்த எண் சிறியதாக வரும், அவர் தயங்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை போகிறவர் பேருந்தில் வந்து போகலாம்.

வாங்குவதா வாடகையா என்பது அடுத்த கேள்வி. வீட்டு விலையை அதே போன்ற வீட்டின் ஓராண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். 15-க்குக் கீழே இருந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம், 20-ஐத் தாண்டினால் வாடகையே மேல் என்பது பரவலான கைக்கணக்கு. விலை ஏறிய கடலோரங்களில் இந்த எண் 30-ஐயும் தாண்டுவதுண்டு. 30 மடங்கு என்றால் ஆண்டு வாடகை விலையில் 3.3 சதவீதம்தான். சொந்தக்காரரின் திரும்பாச் செலவையும் கூட்டிப் பார்க்கலாம். கடன் வட்டியும், கைப்பணத்தை வேறிடத்தில் போட்டிருந்தால் வந்திருக்கும் வருவாயும் சேர்ந்து 6 சதவீதம், வரியும் காப்பீடும் 1, பராமரிப்பு 2 என்று வைத்தால் 9 சதவீதம் ஆகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள 5.7 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் விலையேற்றம் ஈடுகட்டினால்தான் வாங்கியவருக்கு நட்டமில்லை. வட்டி விகிதத்தை உங்கள் வங்கி சொல்வதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது. அசல் திருப்பிச் செலுத்துவதைச் செலவில் சேர்க்கக் கூடாது. அது உங்கள் சேமிப்பு.

மேலே பராமரிப்புக்கு 2 சதவீதம் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டில் கட்டட மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் ஒதுக்கச் சொல்வது வழக்கம். முதல் வரிசைக்கு 2 முதல் 3 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு. உப்பு என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவருகிறது. பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும், அதற்கு அப்பால் வேகமாகக் குறையும். அலை மோதும் திறந்த கரையில் அதிக தூரம் வரும், அமைதியான வளைகுடாவில் குறைவு. இந்த உப்பின் கேடு அதன் ஈரத்தில் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானாகவே நீரை இழுத்துக் கரைகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே அதைச் செய்துவிடும். அதனால் கடலோரத்தில் ஒரு கம்பியோ தகடோ மழையில்லாத நாளிலும் உலர்வதில்லை. மழையில் நனையும் பாகத்தைவிட மழை படாத பாகம் சீக்கிரம் துருப்பிடிப்பதும் இதனால்தான். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடின் கீழ், படிக்கட்டுக் கைப்பிடியின் உள்வளைவு ஆகிய இடங்களில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் முகப்பைப் பார்த்து மயங்காமல் இந்த இடங்களைக் குனிந்து பார்க்க வேண்டும்.

உலோகம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். காற்றின் அரிக்கும் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை, மிகக் குறைந்த சி1 முதல் மிக அதிகமான சி5 வரையும், அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் வகைப்படுத்துகிறது. சி3 இடத்தில் துத்தநாகப் பூச்சு ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேயும், சி5 இடத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கனமான பூச்சு 85 மைக்ரான் என்றால், உள்ளே 40 ஆண்டுக்கு மேல் நிற்பது அலையோரத்தில் 10 முதல் 20 ஆண்டில் தீர்ந்துவிடும். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகாணிகளின் மின்பூச்சு 5 முதல் 10 மைக்ரான்தான். அவை ஓரிரு ஆண்டுகளில் பழுப்பாவதற்குத் தரக்குறைவு காரணமல்ல, இந்த வகுத்தல்தான் காரணம்.

எவர்சில்வர் என்று சொல்லிக் கொடுப்பதிலும் 304, 316 என்று இரண்டு தரங்கள் பரவலாக உண்டு. 316-இல் 2 சதவீதத்துக்குக் குறையாமல் மாலிப்டினம் இருக்கும், உப்புக்கு எதிராகத் தாங்குவது அதனால்தான். 304-இல் போட்ட கைப்பிடியில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போலப் படியும். 316-உம் வழவழப்பாகத் தீட்டியதாக, அவ்வப்போது நல்ல தண்ணீரில் துடைக்கப்படுவதாக இருக்க வேண்டும். அலுமினிய ஜன்னலில் எவர்சில்வர் திருகாணியை நேரடியாக முறுக்கினால் திருகாணி நன்றாக இருக்கும், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். இடையில் ஒரு நைலான் வாஷர் போட்டால் இது குறையும். ஏசியின் வெளிப்பெட்டியிலும் செம்புக் குழாய்மேல் அலுமினியத் தகடுகள் ஏறியிருப்பதால் இதே கேடு நடக்கிறது. தகடு அரிக்கத் தொடங்கினால் குளிர்ச்சி குறைந்து மின்கட்டணம் ஏறும், பிறகு வாயு கசியும். பெட்டியைக் கடலுக்கு முகம் காட்டாத சுவரில் வைப்பது, தொழிற்சாலையிலேயே பூச்சிட்ட சுருள் உள்ளதாக வாங்குவது, மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு அழுத்தமில்லாத நல்ல தண்ணீரால் கழுவுவது ஆகிய மூன்றும் அதன் ஆயுளைக் கூட்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

இவை எல்லாம் மாற்றக்கூடிய பொருட்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அப்படியல்ல. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரம் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கம்பிக்கு வெளியே உள்ள மூடுகான்கிரீட்டின் கனம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உப்பு ஊறும் காலம், கனத்தின் இருமடிக்கு ஏற்ப நீள்கிறது. 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தால் ஆயுள் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல், கம்பியைப் பலகைமேலேயே கிடத்திக் கான்கிரீட் போடும் தளங்களில் நடப்பது இதுதான். புதிதாகக் கட்டுவோர் வெளிப்புறப் பாகங்களுக்கு 50 மில்லிமீட்டர் மூடுகனத்தையும், சிமென்ட் எடையில் 0.40 முதல் 0.45 வரை மட்டுமே தண்ணீரையும், நன்கு கழுவிய உப்பில்லா மணலையும் வற்புறுத்திக் கேட்க வேண்டும். கலவை இளகி ஓடட்டும் என்று வேலையிடத்தில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் இந்தக் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

பழைய வீட்டில், சிறு சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஓசை வருகிறதா, கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் இருக்கிறதா, பழுப்புக் கறை வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் செம்பு–செம்பு சல்பேட் மின்முனை கொண்டு கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லலாம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக்கலவை பூசுவது மிகப் பரவலான பழுதுபார்ப்பு. மிகப் பரவலான பணவிரயமும் அதுவே. புதுக்கலவைக்குள் உள்ள கம்பி காப்பாற்றப்படும்போது, ஓரத்தில் உப்பூறிய பழைய கான்கிரீட்டிலுள்ள கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும். சில ஆண்டுகளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். கம்பிக்குப் பின்னாலும் 20 மில்லிமீட்டராவது வெட்டி எடுத்து, கம்பி பளபளக்கும்வரை சுத்தம் செய்து, ஒட்டின் ஓரங்களில், கம்பிக்குப் பதிலாகத் தாமே அரிக்கும் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு பிணைத்த பிறகே மூட வேண்டும். இதற்கு ஆகும் செலவு பூச்சு வேலையின் செலவுபோல் பல மடங்கு. வெள்ளையடித்த வீட்டை விற்பவர் விலையில் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுக்குமாடியில் இந்தச் செலவு உங்கள் கையில்கூட இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு கடற்கரையில் 1981-இல் கட்டப்பட்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் கட்டடத்தின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு கெட்டுக் கான்கிரீட் சேதமடைந்திருப்பதைப் பொறியாளர் அறிக்கை 2018-லேயே எழுதியிருந்தது. அந்த இடிபாட்டுக்கு உப்பு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அறிக்கை வந்தும், செலவைப் பங்கிடுவது பற்றிய வாக்குவாதத்தில் ஆண்டுகள் கழிவது பல கடலோர அடுக்குமாடிகளிலும் நடக்கிறது. வாங்குமுன் சங்கத்தின் கடந்த ஐந்தாண்டுக் கூட்டக் குறிப்புகள், பராமரிப்பு நிதியின் இருப்பு, கடைசிக் கட்டமைப்பு ஆய்வறிக்கை மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோரத்தில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற பொறியாளர்கள் இருவரும் தனித்தனியே கண்ட விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், உவர்நீர் 40 மீட்டர் மேலேறி வர இடம் கிடைக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. 250-ஐத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியும். ஆக நூற்றில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே கிணறு கரிக்கும். ஒருமுறை கரித்த கிணறு ஒரு மழைக்காலத்தில் திருந்திவிடாது. வீடு பார்ப்பவர்கள் கோடையின் கடைசியில், மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகு தண்ணீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். மழைக்குப் பின் எடுத்த சோதனைச் சீட்டுக்கு மதிப்பில்லை.

இனி கரை. உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்றும், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறியது என்றும் பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை கூறுகிறது. வேகம் இனிக் கூடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 30 ஆண்டில் 11 சென்டிமீட்டர். மணற்கரை, மட்ட உயர்வைப்போல் தோராயமாக 50 முதல் 100 மடங்கு பின்வாங்கும் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி 5 முதல் 11 மீட்டர் மணல் போகும். பாறைக் கரைக்கு இது பொருந்தாது. ஆற்று மணல் வந்து சேரும் கரையில் குறையலாம். பக்கத்தில் துறைமுகச் சுவரோ கல்தடுப்போ இருந்தால், மணல் நகரும் திசையில் அதற்கு அடுத்துள்ள கரை இதைவிடப் பல மடங்கு அரிக்கும். கடற்சுவர் கட்டினால் வீடு பிழைக்கலாம், ஆனால் முன்னாலிருந்த மணல் மெலிந்துபோகும், சுவர் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுக்காரரின் நிலம் குடையப்படும். ஒரு கரை எப்படி நகர்ந்திருக்கிறது என்பதை அறிய 1980-களிலிருந்து உள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடலைப் பார்த்த வீடு வாங்குபவர், முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களையாவது ஒப்பிட வேண்டும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் பலர். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். 20 ஆண்டு என்றால் 18. கடன் 20, 30 ஆண்டுக்கு. காப்பீடோ பெரும்பாலும் ஓராண்டுக்கு. இந்தப் பொருத்தமின்மையைக் கடன் வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. இடையில் கட்டணம் இரட்டிப்பானாலோ, நிறுவனம் அந்தக் கரையையே கைவிட்டாலோ, தவணை மட்டும் குறையாமல் நிற்கும். காப்பீடு கிடைக்காத வீட்டை வாங்க வருபவருக்கு வங்கி கடன் தர மறுக்கலாம், அப்போது விலையும் இறங்கும். காப்பீட்டுப் பத்திரத்தில் புயல் சேதத்துக்கு நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பங்கு, ஒரு நிலையான தொகையா அல்லது வீட்டு மதிப்பில் சதவீதமா என்று பாருங்கள். 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் கூரை பறந்த செலவு முழுவதும் உங்களுடையதாகவே ஆகலாம். காற்றால் வந்த சேதமும் நீரால் வந்த சேதமும் ஒரே பத்திரத்தில் அடங்குகின்றனவா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இழப்பீட்டு வழக்குகள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

இவ்வளவும் வசதிக்காகக் கடலோரம் தேடுபவர்களின் கணக்கு. மீன்பிடிப்பவர்களுக்கு முதல் வரிசை என்பது தொழிற்கூடம். படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் விடியலுக்கு முன் காற்றையும் அலையையும் பார்க்கவும் அவர்கள் அங்கேதான் இருந்தாக வேண்டும். காட்சிக்காகக் கொடுக்கப்படும் விலை நிலவரியையும் வாடகையையும் ஏற்றி அவர்களை உள்ளே தள்ளும்போது, ஆபத்தை அறிந்து கரையோடு நகரத் தெரிந்தவர்கள் போய், நகர முடியாத கான்கிரீட் வந்து நிற்கிறது. கரையில் நிலத்தின் பயனை முடிவுசெய்யும் அமைப்புகள் இந்த இடத்தை முதலில் தொழிலுக்கு ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறோம்.

இத்தனையும் படித்த பிறகும் முதல் வரிசையில் சொந்த வீடு வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அதே தெருவில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். காற்று வலுக்கும் மாதங்களும் பெருமழையும் அந்த ஓராண்டுக்குள் வர வேண்டும். முழுநிலவு, அமாவாசை நாட்களின் உச்ச ஏற்றத்தில் தெருவில் சாக்கடை வழியே நீர் மேலேறுகிறதா என்று பாருங்கள். குடியேறிய அன்று ஒரு சாதாரண இரும்பு ஆணியையும், துத்தநாகம் பூசிய ஒன்றையும் மழை படாத பால்கனி மூலையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் விலை பேசப் போகும்போது அந்தப் படங்களையும், கோடைக் கடைசியில் எடுத்த தண்ணீர்ச் சோதனைச் சீட்டையும், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதிலையும் எடுத்துச் செல்லுங்கள்.

தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கத்தில் ‘கடலுக்கு இத்தனை அடி’ என்று வரும் விளம்பரங்களோடு, கடல்மட்டத்திலிருந்து தரைத்தளத்தின் உயரம், கட்டிய ஆண்டு, கடைசியாக வெள்ளம் புகுந்த ஆண்டு ஆகிய மூன்றையும் அச்சிடும்படி விளம்பரதாரர்களைக் கேட்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் கட்டடப் பராமரிப்பிலும் வீட்டுக்கடன் மதிப்பீட்டிலும் பணிபுரியும் வாசகர்கள் இருவர்